பழைய வீட்டு மரவேலைக்கு ரூட்டர் தேர்வு: குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்

தக்கலை, குழித்துறை, சுசீந்திரம், வடிவீஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓடு மாறியிருக்கும், தரை மாறியிருக்கும். மரம் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தேக்கு நிலை, அயனிப் பலகை மச்சு, நிரைப்பலகைச் சுவர், பத்தாயம், பனங்கைக் கூரை என்று ஒவ்வொன்றும் கையால் இழைத்துக் கையால் பொருத்தியவை. அவற்றைப் பழுதுபார்க்க ரூட்டர் வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விளிம்பையும் காடியையும் (மரத்தில் வெட்டிய நீள்பள்ளம்) அளந்துவிட்டு, அதற்குத் தேவையான மிஷினையும் பிட்டையும் வாங்குங்கள். பெட்டியோடு வந்த பிட்டுக்கு ஏற்ப வீட்டை மாற்றாதீர்கள்.

ரூட்டர் எந்த வேலைக்கு? எதற்கு ஆகாது?

வேகமாகச் சுழலும் மோட்டாரின் நுனியில் ஒரு வெட்டு பிட். அடியில் ஒரு தட்டு. ரூட்டர் என்றால் இவ்வளவுதான். காடி எடுக்க, பலகையின் விளிம்பில் மோல்டிங் ஓட்ட, கீல் படுக்கை வெட்ட, உளுத்த இடத்தை எடுத்துவிட்டு வேறு மரத்துண்டு பதிக்க, ஒரு டெம்ப்ளேட்டை வைத்து ஒரே மாதிரி இருபது துண்டு எடுக்க இது நல்ல கருவி.

சித்திர வேலைக்கு ஆகாது. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்து மச்சில் இருக்கும் பூக்களைப் போன்றவை உளியால் மட்டுமே வரும். ரூட்டரால் பின்னணி மரத்தைக் குடைந்து கொடுக்கலாம், இதழின் வளைவு ஆசாரியின் கையில்தான் பிறக்க வேண்டும். கட்டையின் நாக்கு நுழையும் ஆழமான கழுந்துத் துளைகளுக்கும் (50 மி.மீ.க்கு மேல்) டிரில்லும் உளியும் நல்லவை. உத்திரம், கழுக்கோல் போன்ற பாரம் தாங்கும் மரங்களில் ரூட்டரை வைக்கும் முன்பு அந்த மரம் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். கீழ்ப்பக்கத்தில் வெட்டும் ஒரு காடிகூட உத்திரத்தின் பலத்தைக் குறைக்கும்.

முதலில் வாங்க வேண்டியது டிரிம்மரா, பெரிய ரூட்டரா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிரிம்மர், அதாவது சின்ன ரூட்டர். பழைய வீட்டு வேலையில் பாதிக்கு மேல் நின்ற இடத்தில் நடப்பது: நிலையைக் கழற்ற முடியாது, மச்சுப் பலகையைக் கீழே இறக்க முடியாது. ஒற்றைக் கையில் பிடித்து, ஏணியில் நின்று, செங்குத்தான மரத்தில் ஓட்டக்கூடியது ஒன்றரை இரண்டு கிலோ எடையுள்ள மிஷின்தான். மகிட்டா 3709 போன்றவை 530 வாட், ஒரே வேகம், நிமிடத்துக்கு 30,000 சுற்று. ஆர்டி0700சி 710 வாட். வேகத்தை 10,000 முதல் 30,000 வரை மாற்றலாம். வேகம் மாற்றும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் அல்ல. பலா மரத்தில் கருகல் வரும்போது அதன் அருமை தெரியும்.

நிரைப்பலகை முழுநீளத்துக்குக் காடி, கதவுச் சட்டத்துக்கு 12 மி.மீ. ஆழக் காடி, மரத்துண்டு பதித்தல் என்று வேலை பட்டியல் நீண்டால் பிளஞ்ச் ரூட்டர் தேவை. சுழலும் பிட்டை மரத்துக்குள் மேலிருந்து நேராக இறக்கி ஏற்றுவது அதன் சிறப்பு. 1300 வாட் அளவில் போஷ் ஜிஓஎஃப் 130 போன்றவை 6, 8 மி.மீ. தண்டுள்ள பிட்டுக்கு, அதற்கும் மேலே 1/2 இன்ச் தண்டைப் பிடிக்கும் 1600 முதல் 2300 வாட் மிஷின்கள். வேலை ஒரு வீட்டோடு முடியும் என்றால் நடுவில் இருக்கும் 1300 வாட்டே போதும். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து மர மில்களில் நிரந்தரமாக மேசையில் பூட்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் 2300 வாட் அவசியம்.

பேட்டரி டிரிம்மர் வயர் தொல்லை இல்லாதது. கூரைக்குக் கீழே வேலை செய்யும்போது நிம்மதி. ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் இருந்து, அதே பேட்டரி பொருந்தும் என்றால் மட்டும் யோசியுங்கள்.

6 மி.மீ. தண்டுள்ள பிட்டை 1/4 இன்ச் காலட்டில் (பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போடலாமா?

கூடாது. 1/4 இன்ச் என்பது 6.35 மி.மீ.; 0.35 மி.மீ. இடைவெளியைக் காலட் நெரித்துப் பிடித்ததுபோல் தோன்றும், ஆனால் பிடி முழுச் சுற்றிலும் இருக்காது. வெட்டும்போது பிட் மெல்லமெல்ல வெளியே இறங்கும். காடி ஒரு முனையில் 8, மறு முனையில் 10 மி.மீ. ஆழம் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் பிட் கழன்று பறக்கும். 12 மி.மீ. பிட்டும் 1/2 இன்ச் (12.7 மி.மீ.) காலட்டும் இதே கதைதான். கடையில் இரண்டும் ஒரே தட்டில் கிடக்கும். தண்டை வெர்னியரில் அளந்து வாங்குங்கள்.

பிட்டைப் போடும் முறை: காலட்டுக்குள் அடிவரை தள்ளி, பிறகு 2 மி.மீ. வெளியே இழுத்து, அதன்பின் இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு இருந்தால் நட்டு இறுகியது போலத் தோன்றும், பிட் இறுகியிருக்காது. 1/4 இன்ச் தண்டு குறைந்தது 20 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். தண்டில் கறுப்பு வளையங்கள் தெரிந்தால் பிட் வழுக்குகிறது. காலட் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

எந்தெந்த பிட் வாங்க வேண்டும்? 24 பிட் அடங்கிய பெட்டி லாபமா?

பெட்டி வேண்டாம். அதில் இருபது பிட் தொடாமலேயே துருப்பிடிக்கும். பழைய வீட்டுக்குத் தொடக்கமாக ஆறு போதும்: 6 மி.மீ. நேர் பிட், 12 மி.மீ. நேர் பிட், மேலே பேரிங் உள்ள 12 மி.மீ. பேட்டர்ன் பிட், கீழே பேரிங் உள்ள ஃப்ளஷ் டிரிம் பிட் (இரண்டும் டெம்ப்ளேட்டின் விளிம்பை ஒட்டி வெட்டுபவை), 6 மி.மீ. ஆர ரவுண்ட் ஓவர் (முனையை உருட்டுவது), 12.7 மி.மீ. கோர் பாக்ஸ் (அரைவட்டக் குழிவு வெட்டுவது). மற்றவை வீட்டின் மோல்டிங்கை அளந்த பிறகு.

எல்லாமே கார்பைடு முனை உள்ளவையாக இருக்கட்டும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் சில மீட்டரிலேயே மழுங்கும். பனை, தென்னை மரங்கள் இன்னும் மோசம்.

எங்கள் வீட்டுக் கதவு மோல்டிங்குக்குச் சமமான பிட் எந்தக் கடையிலும் இல்லை. என்ன செய்வது?

இருக்காது. அந்த மோல்டிங் எந்தப் பிட்டிலும் பிறந்ததல்ல, இழைப்புளியில் பிறந்தது. அதன் வளைவு பெரும்பாலும் சுத்தமான வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் பிட் எல்லாம் வட்டத்தின் துண்டு. எனவே ஒரே பிட்டில் முழு வடிவத்தையும் தேடாதீர்கள். இரண்டு மூன்று பிட்டுகளால் மரத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கடைசி அரை மில்லிமீட்டரைக் கைச்சுரண்டியால் கொண்டுவாருங்கள்.

முதலில் வடிவம் எடுக்க வேண்டும். பெயிண்ட் குறைவாகப் படிந்த இடத்தைத் தேடுங்கள். கதவின் பின்பக்கம், அலமாரியின் மேல்பகுதி நல்ல இடங்கள். 5 செ.மீ. நீளத்துக்குப் பெயிண்ட் ரிமூவர் போட்டு மட்டும் நீக்குங்கள். உப்புத்தாள் தேய்த்தால் முனைகள் மொண்ணையாகிவிடும், அளவு தப்பும். கழற்றி மாற்றப்போகும் துண்டு கையில் இருந்தால் அதிலிருந்து 1 செ.மீ. தடிப்பில் ஒரு வில்லை அறுத்து, காகிதத்தில் வைத்துக் கூரான பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கழற்ற முடியாததென்றால் பல ஊசிகள் கொண்ட கன்டூர் கேஜை அழுத்தி எடுக்கலாம்.

இப்போது வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒரு உதாரணம்: 40 மி.மீ. அகல மோல்டிங். விளிம்பில் 5 மி.மீ. தட்டைப் படி, அடுத்து 12 மி.மீ. அகலம் 4 மி.மீ. ஆழம் கொண்ட குழிவு, அடுத்து 4 மி.மீ. படி, மீதி 19 மி.மீ. புடைப்பு. 12.7 மி.மீ. கோர் பாக்ஸ் பிட்டை 4 மி.மீ. இறக்கினால் குழிவின் அகலம் 11.8 மி.மீ. வரும், மீதி 0.2 மி.மீ. சுரண்டிக்கு. இரண்டு படிகளும் நேர் பிட். புடைப்புக்கு வெளிமுனையில் 10 மி.மீ. ரவுண்ட் ஓவர் ஓட்டிவிட்டு, உள்பக்கச் சரிவைச் சின்ன இழைப்புளியால் எடுங்கள்.

சுரண்டி செய்ய உடைந்த ஆக்சா பிளேடு போதும். பல் பக்கத்தை அரைத்து நீக்கி, காகிதத்தில் வரைந்த வடிவத்துக்கு நேர்மாறாக ஊசி அரத்தால் அரவி, முகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கட்டையில் பிளவு போட்டு இறுக்கிப் பிடித்து, உங்கள் பக்கமாக இழுக்க வேண்டும். சுருள் வர வேண்டும். தூள் வந்தால் முனை மழுங்கியிருக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் எடுக்க வேண்டியிருப்பதால் ஒரு மீட்டருக்குப் பத்துப் பதினைந்து இழுப்பில் வேலை முடியும். இப்படிச் செய்த துண்டைப் பழையதன் பக்கத்தில் வைத்தால் வெளிச்சம் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். வெறும் பிட்டில் எடுத்ததில் விழாது. பெயிண்ட் அடித்த பிறகும் கண்ணுக்குத் தெரிவது இந்த நிழல்தான்.

மோல்டிங்கை 40 மி.மீ. ரீப்பரில் ஓட்டாதீர்கள், ரூட்டர் உட்கார இடம் இருக்காது, ஆடும். 150 மி.மீ. அகலப் பலகையின் விளிம்பில் ஓட்டிவிட்டு, பிறகு கிழித்து எடுங்கள். தேவையானதை விடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாக, அதே அமைப்பில், ஒரே மூச்சில் எடுத்து முடியுங்கள். அடுத்த வாரம் மறுபடி பிட்டை அமைத்தால் பழைய அளவு அப்படியே வராது. 30 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் அறுப்பு மில்லில் இதே வடிவத்துக்குக் கத்தி அரைத்து ஓட்டச் சொல்வது நேரத்துக்கும் பணத்துக்கும் நல்லது.

நிலைக்கதவில் உளுத்த இடத்தை மட்டும் எடுத்து மரத்துண்டு பதிக்க முடியுமா?

முடியும், ரூட்டர் வாங்குவதற்கே இது ஒன்று போதிய காரணம். நல்ல மரத்தைத் தூக்கி எறியாமல் கெட்டதை மட்டும் எடுக்கலாம். ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

தேவையானவை: பிளஞ்ச் ரூட்டர், சரியாக 6 மி.மீ. நேர் பிட், 30 மி.மீ. மற்றும் 18 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட இரண்டு கைடு புஷ் (ரூட்டர் அடித்தட்டில் பிட்டைச் சுற்றிப் பூட்டும், டெம்ப்ளேட்டை உரசிப் போகும் வளையம்), 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு டெம்ப்ளேட். புஷ்ஷின் கழுத்து நீளம் பிளைவுட்டின் தடிப்பை விடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மரத்தில் தட்டி ரூட்டரைத் தூக்கும்.

பள்ளம் 60 × 120 மி.மீ. வேண்டுமானால் டெம்ப்ளேட் திறப்பு 84 × 144 மி.மீ. வெட்டுங்கள், அகலம் நீளம் இரண்டிலும் 24 கூட்டி. நான்கு மூலைகளையும் 15 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். 30 மி.மீ. புஷ்ஷைப் பூட்டி நிலையில் 8 மி.மீ. ஆழப் பள்ளம் எடுங்கள், ஒரு முறைக்கு 2 மி.மீ. மட்டும் இறக்கி. பள்ளம் திறப்பை விட 30 கழித்தல் 6, அதாவது 24 மி.மீ. சிறியதாக வரும்.

அடுத்து அதே டெம்ப்ளேட்டைப் பதிக்கப்போகும் மரத்தின் மேல் வைத்து, 18 மி.மீ. புஷ்ஷை மாற்றி, உள்விளிம்பை ஒட்டியே ஒரு சுற்று வாருங்கள். நடுவில் மிஞ்சும் துண்டு 18 கூட்டல் 6, மறுபடி 24 மி.மீ. சிறியது. இரண்டும் ஒரே அளவு. அந்த மரத்தை இரட்டைப் பக்க டேப்பால் ஒரு கழிவுப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் விடுபடும் துண்டு பிட்டில் மோதி முனை சிதறும்.

"துண்டு லொடலொடவென்று இருக்கிறது" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் 6.35 மி.மீ. பிட். அதைப் போட்டால் பள்ளம் 23.65 சிறியதாகவும் துண்டு 24.35 சிறியதாகவும் வரும், சுற்றிலும் 0.35 மி.மீ. சந்து. வேறு பிட் பயன்படுத்துவதென்றால் பெரிய புஷ் = சிறிய புஷ் + பிட் விட்டம் இரண்டு மடங்கு என்ற கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். துண்டை முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பார்த்து, பிறகு பசை போடுங்கள். தடிப்பு 9 மி.மீ. விட்டு, பசை காய்ந்தபின் மேலே நிற்கும் 1 மி.மீ.யை இழைத்துச் சமமாக்குங்கள். துண்டின் ரேகை நிலையின் ரேகை ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். அதே வீட்டில் கழித்த பழைய மரத்திலிருந்து எடுத்தால் நிறமும் சேரும், ஈரமும் சேரும்.

நிலைக்காலின் அடி முழுவதும் மக்கியிருந்தால் இந்த முறை போதாது. குமரியில் இரண்டு பருவமழையும் பெய்வதால் தரையைத் தொடும் இந்த இடம்தான் முதலில் போகிறது. அங்கே சாய்வாக அறுத்துப் புதுக்கால் சேர்க்க வேண்டும். அது ரம்பமும் உளியும் செய்யும் வேலை.

தேக்கு, அயனி, பலா, பனை எல்லாம் ஒரே மாதிரி வெட்டுமா?

இல்லை. தேக்கு மென்மையாக வெட்டும், பிட்டை மழுக்கும். அதன் எண்ணெய்ப் பசை முனையில் படியும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் பிட்டை ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போகும். பேரிங்கைக் கழற்றிவிட்டு ஊறவையுங்கள். மழுங்கியது என்று தூக்கிப்போடும் பிட்டுகளில் பல வெறும் பசை படிந்தவை. தேக்கில் பசை ஒட்டுவதற்கு முன்னால் ஒட்டும் முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள்.

அயனியிலும் பலாவிலும் ரேகை ஓரிடத்தில் ஒரு பக்கம், அடுத்த இடத்தில் மறுபக்கம் திரும்பும். அங்கே சில்லு பெயரும். கடைசி ஓட்டத்தில் 0.5 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். பலா சீக்கிரம் கருகும், வேகத்தைக் குறையுங்கள். பனையில் கறுப்பு நார் இரும்பு போலவும் நடுவிலுள்ள மரம் பஞ்சு போலவும் இருப்பதால் விளிம்பு பிய்ந்துகொண்டே வரும். பனங்கையில் ரூட்டர் வேலையை முடிந்தவரை தவிருங்கள்.

ரூட்டரை எந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும்?

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுகிறது. பலகை உங்கள் எதிரே, நீங்கள் வெட்டும் விளிம்பு உங்கள் பக்கம் என்றால் இடமிருந்து வலம் தள்ளுங்கள். ஒரு பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி வந்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பில் என்றால் கடிகாரத் திசை. அப்போது பிட் உங்கள் தள்ளுதலை எதிர்க்கும், மிஷின் மரத்தோடு ஒட்டியே இருக்கும். மாற்றித் தள்ளினால் பிட் சக்கரம்போல் மரத்தின் மேல் ஏறி ஓடும். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். மேசையில் மிஷின் தலைகீழாக இருப்பதால் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும்.

நான்கு பக்கமும் ஓட்டும்போது குறுக்கு ரேகை முனைகளை முதலில் முடியுங்கள். அங்கே மூலையில் பெயரும் சில்லை அடுத்து வரும் நீளப்பக்க வெட்டு எடுத்துவிடும்.

வெட்டிய இடம் கருகுகிறது, அலையலையாக வருகிறது. ஏன்?

கருகினால் மெதுவாகத் தள்ளுகிறீர்கள், நடுவில் நிற்கிறீர்கள், அல்லது பிட் அழுக்கு. அலை வந்தால் மிக வேகமாகத் தள்ளுகிறீர்கள், அல்லது ஒரே முறையில் அதிகம் எடுக்கிறீர்கள். 1/4 இன்ச் தண்டுக்கு ஒரு முறைக்கு 3 மி.மீ., 1/2 இன்ச் தண்டுக்கு 6 மி.மீ. என்பதே மேல் எல்லை.

எல்லா பிட்டையும் முழு வேகத்தில் ஓட்டலாமா?

பெரிய பிட்டை ஓட்டக்கூடாது. 50 மி.மீ. விட்டப் பிட் 24,000 சுற்றில் ஓடினால் அதன் வெளிமுனை மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் போகிறது. 25 மி.மீ. வரை 24,000, 50 வரை 18,000, 65 வரை 16,000, அதற்கு மேல் 10,000 முதல் 12,000. பிட்டின் தண்டிலோ அட்டையிலோ இதைவிடக் குறைவான எண் அச்சிட்டிருந்தால் அதுவே எல்லை. வேகம் மாற்ற முடியாத மிஷினில் 25 மி.மீ.க்கு மேல் போடாதீர்கள்.

கதவுப் பலகையின் சரிவான விளிம்புக்குப் பெரிய பேனல் பிட் வாங்கலாமா?

தேவையில்லை. அந்தப் பிட் 80 மி.மீ. விட்டம், 1/2 இன்ச் தண்டு, மேசையில் மட்டுமே ஓட்டத் தகுந்தது. கையில் பிடித்து ஓட்டுவது ஆபத்து. இங்குள்ள பழைய கதவுகளில் பேனலின் சரிவு பெரும்பாலும் நேர்ச்சரிவு, வளைவு கிடையாது. கோட்டைக் கிழித்து இழைப்புளியால் எடுத்தால் ஒரு பேனலுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது, வடிவமும் பழையதோடு சேரும்.

ரூட்டர் வேண்டியது சட்டத்தின் காடிக்கு: 12 மி.மீ. ஆழம், பேனல் விளிம்பை விட அரை மி.மீ. அகலம். பேனலைக் காடிக்குள் பசை போட்டு ஒட்டாதீர்கள். 300 மி.மீ. அகலத் தேக்குப் பேனல், மரத்தின் ஈரம் 4 சதவீதம் கூடினால் ஏறக்குறைய 2 மி.மீ. அகலும். பங்குனி வெயிலில் இறுக்கிப் பொருத்திய பேனல் ஐப்பசி மழையில் சட்டத்தின் கழுந்தைப் பிளக்கும். இரண்டு பக்கமும் 2 மி.மீ. விட்டுப் பொருத்துங்கள்.

பழைய கதவுக்கு ரூட்டரால் கீல் படுக்கை வெட்டலாமா?

முதலில் அந்தக் கதவில் கீல் இருந்ததா என்று பாருங்கள். குடுமியில் சுழலும் கதவுகள் மேலும் கீழும் மரத்துளையில் நிற்பவை; குடுமி தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், கீலுக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் கதவின் முழுப்பாரமும் பக்கவாட்டில் விழும், நிலை அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கீல் (விஜாகிரி) உள்ள கதவில், பித்தளைக் கீல்களின் இலைத்தடிப்பு ஒன்றுக்கொன்று மாறும். ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, அதே ஆழத்துக்கு டிரிம்மரில் குட்டையான பேட்டர்ன் பிட் போட்டு எடுங்கள். மூலையை உளியால் சதுரமாக்குங்கள்.

காற்றுப்பட்டி ஜன்னலின் சாய்வுப் பலகைகளை மாற்ற வேண்டும். எப்படி?

8 மி.மீ. தடிப்புப் பட்டிக்கு 8 மி.மீ. பிட், 16 மி.மீ. புஷ், டெம்ப்ளேட்டில் 16 மி.மீ. அகலச் சாய்வுப் பிளவு. பிளவின் நீளம் காடி நீளத்தை விட 8 மி.மீ. கூட இருக்கட்டும். சாய்வைப் பழைய சட்டத்திலிருந்தே சாய்மட்டத்தால் எடுங்கள். 45 பாகை என்று ஊகிக்க வேண்டாம். காடி முனை வட்டமாக வரும், அதற்கேற்பப் பட்டியின் முனைகளை உருட்டுங்கள். இடது வலது சட்டங்களுக்கு டெம்ப்ளேட்டைப் புரட்டிப் போட மறந்தால் எல்லாப் பட்டியும் குறுக்கே நிற்கும்.

பழைய பெயிண்ட், ஆணி, தூசி பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

பெயிண்டின் மேல் ரூட்டர் ஓட்டவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எல்லாவற்றிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் அதை மூச்சில் போகும் தூளாக்கிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது தரையிலும் பாயிலும் படியும். ரிமூவர் போட்டு ஈரமாகவே சுரண்டி, பழைய செய்தித்தாளில் மடித்து அப்புறப்படுத்துங்கள். உலர்த்தித் தேய்ப்பதும் ஹீட் கன்னும் வேண்டாம்.

ஆணிக்குக் காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். பித்தளை ஆணி காந்தத்துக்கு அகப்படாது. மெழுகோ புட்டியோ அடைத்த சின்ன வட்டங்களைக் கண்ணால் தேடுங்கள். ஒரு ஆணி போதும், கார்பைடு முனை உடைந்து முகத்தை நோக்கி வரும். கண்ணாடி, காதுக் கவசம், என்95 முகமூடி மூன்றும் ஒவ்வொரு முறையும் வேண்டும். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்குத் தூசி பலருக்குத் தோல் அரிப்பும் தரும். தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, வேட்டி முந்தி எதுவும் மிஷினுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பழைய வீட்டு வயரிங்கில் பெரிய ரூட்டர் ஓடுமா?

2300 வாட் என்றால் 10 ஆம்பியர். பழைய 5 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் ஃபியூஸ் போவது நல்ல காலம், வயர் உருகுவது கெட்ட காலம். 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து, 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் எடுங்கள். 25 மீட்டர் நீளத்தில் 1 சதுர மி.மீ. வயர் ஏறக்குறைய 9 வோல்ட் இழக்கும், 2.5 சதுர மி.மீ. 4 வோல்ட்டுக்கும் கீழே. சுருளிலேயே வைத்து ஓட்டினால் வயர் சூடாகும், முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடுங்கள், ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்தில் நின்று வேலை செய்கிறீர்கள். பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

ரூட்டர் மேசை அவசியமா?

நிரைப்பலகை, மச்சுப்பலகை நாக்கு-காடி நிறைய இருந்தால் அவசியம். 18 மி.மீ. பிளைவுட், 6 மி.மீ. அலுமினியத் தட்டு, பலகை உரசிப் போக நேரான ஒரு வேலிக்கட்டை போதும். நாக்கின் தடிப்பைப் பழைய பலகையிலிருந்து அளந்து எடுங்கள், ஒரே வீட்டில் இரண்டு அறைக்கு இரண்டு அளவு இருப்பது சாதாரணம்.

குளச்சல், முட்டம் பக்கம் இருக்கிறோம். மிஷின் துருப்பிடிக்கிறது.

உப்புக்காற்று முதலில் காலட்டைப் பிடிக்கும், பிறகு பிளஞ்ச் தண்டுகளை. வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றுங்கள்; காலட்டிலேயே விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காலட்டின் உள்ளே தூசியைத் துடைத்து எண்ணெய் இல்லாமல் காயவையுங்கள், உள்ளே எண்ணெய் இருந்தால் பிட் வழுக்கும். வெளிப்புறத்துக்கும் பிட் தண்டுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி, அடுத்த முறை போடும் முன் தண்டைத் துடைத்துவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம்.

வெட்டிய இடத்தை உடனே பூச வேண்டுமா?

அன்றைக்கே. புதிதாக வெட்டிய காடியும் குறுக்கு ரேகை முனையும் ஈரத்தை உறிஞ்சும், கரையானுக்கும் வண்டுக்கும் திறந்த வாசல். வெளிப்பக்க நிலை, கூரை விளிம்புப் பலகை என்றால் மரப்பூச்சி மருந்து ஒரு பூச்சு, காய்ந்தபின் குறுக்கு ரேகையில் மட்டும் பிரைமர் இரண்டு பூச்சு, காடியின் உள்ளேயும் தூரிகை போகட்டும். பலகையைப் பொருத்திய பிறகு உள்ளே எட்டாது.